கைம்பெண் பாட்டியைத் தேடி: இங்கிலாந்துக் கணக்கெடுப்பிலும் உயில்களிலும் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

என் மருமகள் இங்கிலாந்துக்காரி. நார்ஃபோக் பக்கத்துக் குடும்பம். பேத்தியைப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தைக் கொள்ளுத்தாத்தா வரை நான் வாயாலேயே சொல்லி முடித்துவிட்டேன். மருமகள் பக்கம் மேலே போகப் போக, ஐந்து தலைமுறைக்கு முந்திய ஒரு பாட்டியிடம் வந்து நின்றுவிட்டது. 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவரைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி: விதவை, வயது 38, துணி வெளுக்கும் வேலை. கீழே நான்கு பிள்ளைகள். 1861இல் அந்தப் பெயரில், அந்த வயதில், அந்த ஊரில் யாருமே இல்லை.

அவரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் வீண். அவர் பெயரையே திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஒரு பெண் பிறக்கும்போது அப்பாவின் குடும்பப் பெயர், கல்யாணம் ஆனதும் கணவரின் குடும்பப் பெயர், மறுமணம் செய்தால் இரண்டாம் கணவரின் பெயர் என்று மாறிக்கொண்டே போவார். கணவரை இழந்தவரைத் தேடும்போது பெயர்தான் நம்பக் கூடாத அடையாளம். பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர்கள், கூடப் பிறந்தவர்கள் ஆகிய மூன்றும் மாறாதவை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் பதிவுமுறை தனி. அங்கே கல்யாணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தே எழுதும் வழக்கம் இருந்ததால், தேடுவது பல மடங்கு எளிது.

முதல் படி: கணவர் எப்போது இறந்தார்?

கைம்பெண்ணைத் தேடுவதற்கு முன்னால் கணவரின் இறப்பைத் தேடுங்கள். அது கிடைத்தால் மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்குப் போடலாம்.

கணவர் 1841 கணக்கெடுப்பில் இருக்கிறார், 1851இல் மனைவி விதவை என்றால் இடையில் பத்து வருடம். அதைக் கடைசிப் பிள்ளையின் வயதை வைத்துச் சுருக்கலாம். எங்கள் பாட்டியின் கடைசி மகனுக்கு 1851இல் வயது 4. அப்படியானால் 1845 நடுப்பகுதி வரையாவது கணவர் உயிரோடு இருந்திருக்க வேண்டும். பத்து வருடம் ஆறு வருடத்துக்குள் குறைந்துவிட்டது.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்யத் தொடங்கியது. இதற்கான அட்டவணைகள் காலாண்டு வாரியாக, பதிவு மாவட்டத்தின் பெயரோடு இருக்கும். ‘ஃப்ரீ பிஎம்டி’ தளத்தில் இலவசமாகத் தேடலாம். தலைமைப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையில் கூடுதல் வசதி உண்டு. இறந்தவரின் வயதும், பிறந்த குழந்தையின் தாயாருடைய பிறந்த வீட்டுப் பெயரும் 1837 முதலே அதில் கிடைக்கும். பழைய அச்சு அட்டவணையில் தாயின் பெயர் 1911க்குப் பிறகுதான் வரும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் பொருத்தமான ஒருவர் தென்பட்டால் சான்றிதழை வாங்கிவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இறப்புச் சான்றிதழில் தேதி, காரணம், தொழில் இவற்றோடு தகவல் சொன்னவர் யார் என்றும் இருக்கும். எங்கள் தாத்தா 1849இல் காலராவில் போயிருக்கிறார். அந்த ஆண்டு இங்கிலாந்தின் பல ஊர்களைக் காலரா சூறையாடியது. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயர், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதில் போட்ட குறி அது. அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் படி: கணக்கெடுப்பைப் பத்துப் பத்து வருடமாக நடந்து வாருங்கள்

இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்தாலும், ஒவ்வொருவரின் பெயரையும் நாடு முழுக்க எழுதியது 1841இலிருந்துதான். ஒரு குறிப்பிட்ட இரவில் அந்த வீட்டில் யார் தங்கினார்களோ அவர்களைத்தான் எழுதுவார்கள். அன்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தால் அக்கா வீட்டில்தான் பெயர் இருக்கும்.

1841 கணக்கெடுப்பு ஆளை ஏமாற்றிவிடும். அதில் உறவுமுறையும் கிடையாது, விதவை என்ற குறிப்பும் கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுப் பெண் 35 என்று இருப்பார். பிறந்த இடம் கேட்டால் ‘இதே கவுன்டியா (நம் மாவட்டம் போன்ற பகுதி), இல்லையா’ என்பதும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு என்ற குறிப்பும் மட்டும். ஒரு பெண், ஒரு ஆண், நான்கு குழந்தைகள் என்று இருந்தால் அது கணவன் மனைவியாகவும் இருக்கலாம், கணவரை இழந்த பெண்ணும் அவர் தம்பியுமாகவும் இருக்கலாம். இங்கே எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெயர்களைப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போங்கள்.

1851 முதல் நமக்கு வேண்டியது எல்லாம் வருகிறது: குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா விதவையா, வயது, தொழில், பிறந்த ஊர். பிறந்த ஊர் என்ற கடைசிக் கட்டம்தான் பொக்கிஷம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறந்த ஊரை வரிசையாகப் பார்த்தால் அந்தக் குடும்பம் எந்த வருடம் எங்கே இருந்தது என்ற வரைபடமே கிடைக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 1901 வரை நாம் பார்ப்பது வீட்டுக்காரர் நிரப்பிய தாள் அல்ல, கணக்கெடுப்பாளர் அதைப் பார்த்து எழுதிய நகல் புத்தகம். அவர் எழுதியதில் ஒரு பிழை, அதை இன்று கணினிக்கு ஏற்றியவர் படித்ததில் இன்னொரு பிழை. அதனால் தட்டச்சு செய்த விவரத்தோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கங்களையும் படியுங்கள். கணவரை இழந்த பெண்கள் பெரும்பாலும் தனியாக எங்கோ போய்க் குடியேறுவதில்லை. மூன்று வீடு தள்ளி அண்ணனோ, எதிர்வீட்டில் மாமியாரோ இருப்பார்.

1911இல் குடும்பத் தலைவர் தன் கையாலேயே எழுதிய தாள் கிடைக்கிறது. மணமான பெண்களிடம் எத்தனை ஆண்டுத் திருமண வாழ்க்கை, எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்த ஆண்டு கேட்டார்கள். விதவைகள் இதற்குப் பதில் எழுதத் தேவையில்லை. ஆனாலும் பலர் எழுதிவிட்டார்கள். அலுவலகத்தில் அதை அடித்துவிட்டார்கள் என்றாலும் கோட்டுக்கு அடியில் எண்கள் நன்றாகத் தெரியும். கேட்காத கேள்விக்கும், இறந்துபோன பிள்ளைகளை எண்ணி எழுதிய அந்தப் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. உங்கள் தேடலுக்கோ அது நேரான உதவி. எட்டுப் பிள்ளைகள் என்று எழுதியிருக்க உங்களிடம் ஆறு பெயர்தான் இருந்தால், இன்னும் இருவரைத் தேட வேண்டும்.

1921 கணக்கெடுப்பு ஜூன் 19இல் நடந்தது. அதில் 15 வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோர் இருவரும் உண்டா, தந்தை இறந்துவிட்டாரா, தாய் இறந்துவிட்டாரா என்று ஒரு கட்டம் உண்டு. முதல் உலகப் போரில் கணவரை இழந்தவர்களின் குடும்பத்தைத் தேடுபவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். அதற்குப் பிறகு ஒரு பெரிய ஓட்டை. 1931 கணக்கெடுப்பு ஆவணங்கள் 1942 டிசம்பரில் தீயில் அழிந்துவிட்டன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. 1939 செப்டம்பர் 29இல் எடுத்த தேசியப் பதிவேடு ஒன்றுதான் அந்த இடத்தை நிரப்புகிறது.

மூன்றாம் படி: உறவுச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள்

எனக்குக் கைகொடுத்த முறை இதுதான். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆங்கிலத்தில் ‘நெஃப்யூ’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. தமிழில் முடியாது. அண்ணன் மகனா, அக்கா மகனா, கொழுந்தன் மகனா, நாத்தனார் மகனா என்று கேட்டாக வேண்டும். என் நோட்டில் ஒவ்வொரு உறவையும் தமிழில் மட்டுமே எழுதினேன். எழுத முடியாமல் பேனா நிற்கும் இடமெல்லாம் ஆவணம் எனக்குச் சொல்லாத இடம், அடுத்துத் தேட வேண்டிய இடம் என்று தெரிந்தது. ‘பாட்டியோடு இருக்கும் நெஃப்யூ’வின் குடும்பப் பெயர் பாட்டியின் பெயரேதான் என்றால், அவன் பெரும்பாலும் இறந்த கணவரின் அண்ணன் தம்பி மகன். வேறு பெயராக இருந்தால் பாட்டியின் பிறந்த வீட்டுப் பக்கமாக இருக்கலாம்.

இன்னொரு பொறி ‘இன் லா’ என்ற ஒட்டு. 19ஆம் நூற்றாண்டில் ‘சன் இன் லா’ என்றால் மருமகன் மட்டுமல்ல. மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனையும் அப்படித்தான் எழுதினார்கள். ஆறு வயதுப் பையன் ‘சன் இன் லா’ என்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த வீட்டு அம்மா மறுமணம் செய்தவர் என்று அது சத்தமாகச் சொல்கிறது. ‘மதர் இன் லா’ என்று ஒரு கிழவி வீட்டில் இருந்தால், அவர் தலைவரின் மனைவியைப் பெற்றவராக இருந்து, மறுமணமும் செய்யாதவராக இருந்தால், அவருடைய குடும்பப் பெயர்தான் அந்த மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர்.

தொழில் கட்டத்தையும் விடாதீர்கள். 1841இல் ‘இன்டிபென்டன்ட்’, பிறகு ‘ஆன்யுயிடன்ட்’ என்றிருந்தால் உழைக்காமல் சொந்தப் பணத்திலோ ஆண்டுத் தொகையிலோ வாழ்கிறார் என்று பொருள். யாராவது விட்டுச் சென்றதாகவும் இருக்கலாம், அப்படியானால் உயில் ஒன்று எங்கோ இருக்கும். ‘பாப்பர்’ என்றிருந்தால் ஊர்ப் பொதுநிதியில் உதவி பெறுகிறார். அவருக்கு உயில் இருக்காது. ஆனால் ஏழைகள் நிவாரண ஆவணங்கள் இருக்கும். மனைவிக்குக் கணவரின் ஊர்தான் சட்டப்படி சொந்த ஊர் என்பதால், கணவரை இழந்த பெண்ணையும் பிள்ளைகளையும் அவர்கள் பார்த்தேயிராத அந்த ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. கணவர் இறந்து பன்னிரண்டு மாதம் வரை அப்படி அனுப்பக் கூடாது என்று 1846இல் சட்டம் வந்தது. இந்த விசாரணைத் தாள்கள் கவுன்டி ஆவணக் காப்பகங்களில் உண்டு. கிடைத்தால் கல்யாணத் தேதியிலிருந்து பிள்ளைகளின் வயது வரை எல்லாம் அதிலேயே இருக்கும்.

‘விதவை’ என்ற சொல்லையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். விவாகரத்து நீதிமன்றமே 1858இல்தான் வந்தது. வந்த பிறகும் அது பணக்காரர்களுக்குத்தான் எட்டும். கணவர் விட்டுவிட்டு ஓடிப்போன பெண்ணும், கல்யாணமாகாமல் குழந்தை பெற்ற பெண்ணும் தங்களை விதவை என்று சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் இறப்புப் பதிவை முதல் படியாக வைத்தேன்.

நான்காம் படி: மறுமணத்தைத் தேடுங்கள்

கையில் சிறு பிள்ளைகள், வயது நாற்பதுக்குள் என்றால் அடுத்த கணக்கெடுப்பில் காணாமல் போன பெண் மறுமணம் செய்திருக்க வாய்ப்பு அதிகம். திருமண அட்டவணையில் அவர் இறந்த கணவரின் பெயரில்தான் இருப்பார். சான்றிதழில் ‘விதவை’ என்று இருக்கும், அவருடைய தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். அந்தத் தந்தையின் குடும்பப் பெயர்தான் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர். மறுமணச் சான்றிதழ் இரண்டு கணவர்களையும் ஒரு தந்தையையும் ஒரே தாளில் காட்டிவிடும்.

கொழுந்தனைக் கட்டிக்கொண்டாரா என்றும் பாருங்கள். 1835 முதல் இங்கிலாந்தில் இறந்த சகோதரனின் மனைவியை மணப்பது செல்லாத திருமணம். 1921இல்தான் அதை அனுமதித்தார்கள். இருந்தாலும் யாருக்கும் தெரியாத ஊரில் போய்ச் செய்துகொண்டவர்கள் உண்டு. குடும்பப் பெயர் மாறாமல் கணவரின் முதல் பெயர் மட்டும் மாறியிருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கதையில் திருப்பம் வந்தது கடைசி மகனால். அவனுக்கு அபூர்வமான ஒரு பைபிள் பெயர். குடும்பப் பெயரைக் காலியாக விட்டு, முதல் பெயர், பிறந்த ஊர், பிறந்த வருடம் மூன்றை மட்டும் போட்டு 1861இல் தேடினேன். வட இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில், 14 வயதில், வேறு குடும்பப் பெயரோடு இருந்தான். உறவு: ‘சன் இன் லா’. வீட்டு அம்மாவின் முதல் பெயரும் பிறந்த ஊரும் பாட்டியுடையவை. கூடவே ஆறு வயதில் ஒரு புதுப் பெண் குழந்தை.

பொருத்தமாக இருக்கிறதே என்று அப்படியே மரத்தில் ஒட்டிவிடக் கூடாது. நான் செய்தது, அந்தச் சின்னப் பெண்ணின் பிறப்புச் சான்றிதழை வாங்கியதுதான். இங்கிலாந்துப் பிறப்புச் சான்றிதழில் தாய் மறுமணம் செய்தவர் என்றால் இப்போதைய பெயர், பிறகு ‘லேட்’ என்று முந்தைய கணவரின் பெயர், பிறகு ‘ஃபார்மர்லி’ என்று பிறந்த வீட்டுப் பெயர் மூன்றையும் எழுதுவார்கள். தபாலில் வந்த தாளில் ஒரே வரியில் பாட்டியின் மூன்று பெயர்களும் இருந்தன. மருமகளுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

பாட்டி இப்படியும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் சில இடங்கள்: மணமான மகள் வீட்டில் ‘மதர்’, ‘மதர் இன் லா’ என்று, வேறு வீட்டில் வேலைக்காரியாக, ஏழைகள் விடுதியில், மனநல மருத்துவமனையில். மனநல மருத்துவமனைகளில் பலரை முதலெழுத்தால் மட்டும் எழுதியிருப்பார்கள் என்பதால் பெயர் போட்டால் வராது. வயதையும் பிறந்த ஊரையும் வைத்துத்தான் தேட முடியும். சில பகுதிகளின் தாள்களே இல்லாமலும் போயிருக்கலாம். 1851இல் மான்செஸ்டர் வட்டாரத் தாள்கள் பல தண்ணீரில் நனைந்து கெட்டுப்போனவை.

ஐந்தாம் படி: உயில்களுக்கு வாருங்கள்

கணக்கெடுப்பு ஓர் இரவில் ஒரு கூரையின் கீழ் இருந்தவர்களைக் காட்டும். கல்யாணமாகிப் போன மகள், கனடாவுக்குக் கப்பலேறிய மகன் இவர்களெல்லாம் அதில் இருக்க மாட்டார்கள். உயிலில் இருப்பார்கள்.

முதலில் ஒரு தேதியை மனதில் வையுங்கள்: 1858 ஜனவரி 12. அன்றிலிருந்து உயில்களை உறுதிப்படுத்தும் வேலை, அதாவது புரொபேட், அரசிடம் வந்தது. அதற்குப் பிறகான உயில்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரே அட்டவணை உண்டு. பிரிட்டிஷ் அரசுத் தளத்தில் பெயரும் ஆண்டும் கொடுத்து இலவசமாகத் தேடலாம், நகலுக்குப் பணம் கட்ட வேண்டும். அட்டவணை இறந்த ஆண்டுப்படி அல்ல, புரொபேட் கிடைத்த ஆண்டுப்படி அடுக்கியது. அதனால் இறந்த ஆண்டோடு நிறுத்தாமல் அடுத்த நான்கைந்து ஆண்டுகளையும் பாருங்கள். நகல் வாங்குவதற்கு முன் அட்டவணை வரியையே நிதானமாகப் படியுங்கள். இறந்தவரின் முகவரி, இறந்த தேதி, சொத்தின் மதிப்பு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆரம்ப காலத்து வரிகளில் பொறுப்பாளரின் முகவரியும் உறவும்கூட இருக்கும். ‘ரெலிக்ட்’ என்று பார்த்தால் அது இறந்தவரின் மனைவி, அதாவது நாம் தேடும் கைம்பெண்.

சொத்து மதிப்பு குறைவாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1898க்கு முன் அந்தத் தொகையில் நிலம் சேராது.

1858க்கு முன் எல்லாம் திருச்சபை நீதிமன்றங்கள். எளிய மனிதர்களுக்கு வட்டார நீதிமன்றம், கொஞ்சம் வசதியானவர்களுக்கு பிஷப் நீதிமன்றம், அதற்கும் மேலே கேன்டர்பரி, யார்க் இரண்டு தலைமை நீதிமன்றங்கள். கேன்டர்பரி உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 1384 முதல் 1858 வரை. யார்க் உயில்கள் யார்க்கிலேயே உள்ள போர்த்விக் நிறுவனத்தில். மற்றவை பெரும்பாலும் அந்தந்தக் கவுன்டி காப்பகத்தில். வேல்ஸ் உயில்களை வேல்ஸ் தேசிய நூலகம் இலவசமாகவே இணையத்தில் தருகிறது. டெவன் பக்கத்துக் குடும்பம் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 1942இல் எக்ஸிட்டர் நகரத்தில் விழுந்த குண்டுகளில் அந்தக் கவுன்டியின் உயில்கள் ஏறக்குறைய முழுதும் எரிந்துவிட்டன.

அப்புறம், யாருடைய உயிலைத் தேடுவது? எல்லாரும் கணவரின் உயிலைத் தேடிவிட்டு, இல்லை என்றதும் மூடிவிடுகிறார்கள். கணவர் கூலிக்காரர் என்றால் அவருக்கு உயில் இருக்க வாய்ப்புக் குறைவு. நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் பாட்டியின் கல்யாணமாகாத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லாததால் அக்கா பிள்ளை, தம்பி பிள்ளை என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதுவார்கள். அடுத்தது பாட்டியின் அப்பா. பிறகு கணவர், பிறகு மாமனார். கடைசியாகப் பாட்டியே எழுதிய உயில்.

பாட்டியே எழுதியதா என்று ஆச்சரியப்பட வேண்டாம். 1883இல் புதிய சொத்துச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை கணவர் உள்ள பெண் பொதுவாக அவர் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. கணவரை இழந்த பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் எழுதிய உயில்களில் விதவைகளும் மணமாகாதவர்களும் எழுதியவைதான் அதிகம் கிடைக்கின்றன. நிலபுலன் பற்றிப் பேசாமல் வெள்ளிக் கரண்டி, இறகு மெத்தை, கறுப்புப் பட்டுப் பாவாடை என்று யார் யாருக்கு எது என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உறவு.

உயிலைப் படிக்கும்போது

மூன்று முறை படியுங்கள். முதல் முறை பெயர்களை மட்டும் குறியுங்கள், சாட்சிகளையும் சேர்த்து. இரண்டாம் முறை உறவுகள். மூன்றாம் முறை நிபந்தனைகள்.

கணவர் எழுதிய உயிலில் ‘அவள் என் விதவையாக இருக்கும் வரை’ வீட்டையும் வருமானத்தையும் அனுபவிக்கலாம் என்ற வரி அடிக்கடி வரும். மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும். நமக்குக் கோபம் வரலாம். முந்தைய கணவரின் பிள்ளைகளுடைய சொத்து புதுக் கணவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் பெரும்பாலும் நோக்கம், ஏனென்றால் மணமான பெண்ணின் உடைமை அந்தக் காலச் சட்டப்படி கணவருக்குப் போய்விடும். தேடுகிறவருக்கு இந்த வரி ஒரு குறிப்பு. அந்தப் பெண் நீண்ட நாள் மறுமணம் செய்யாமல் இருந்ததற்கும், திடீரென்று வீட்டைக் காலி செய்ததற்கும் இது காரணமாக இருக்கலாம்.

இன்னொரு வகை: வருமானம் மனைவிக்கு ஆயுள் முழுக்க, அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சம பங்கு. மனைவி முப்பது வருடம் கழித்து இறந்தால், அப்போது கணவரின் உயிலுக்கே இரண்டாவது முறையாக அனுமதி வாங்கியிருப்பார்கள். அட்டவணையில் ‘முடிக்கப்படாமல் விட்ட சொத்து’ என்று கணவரின் பெயர் மறுபடி வரும். அதிலிருந்து பாட்டி இறந்த காலம் தெரிந்துவிடும்.

‘இப்போதைய என் மனைவி’ என்று எழுதியிருந்தால் முன்பு ஒரு மனைவி இருந்தார் என்று அர்த்தமில்லை, அது வக்கீல் நடை. மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங் மட்டும் என்றிருந்தால் பகை என்று உடனே முடிவு கட்டாதீர்கள், அவன் பங்கை முன்பே வாங்கியிருக்கலாம். ‘கசின்’ என்ற சொல் பழைய உயில்களில் கிட்டத்தட்ட எந்தச் சொந்தத்துக்கும் வரும். மறுபடியும் அந்தத் தமிழ் நோட்டுதான்.

உயில் இல்லையென்றால் நிர்வாகப் பத்திரம் இருக்கிறதா பாருங்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க வாரிசுக்கு நீதிமன்றம் கொடுத்தது அது. அதே புரொபேட் அட்டவணையில்தான் இருக்கும், 1870 வரை தனிப் பகுதியாக. அதோடு 1796 முதல் 1903 வரையான இறப்பு வரிப் பதிவேடுகள் கியூவில் உண்டு. உயிலில் ‘என் பிள்ளைகளுக்கு’ என்று மொத்தமாக எழுதியிருந்தாலும், வரிக்காரர்கள் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கேட்டு எழுதியிருக்க வாய்ப்புண்டு.

கணவர் மெட்ராஸில் இறந்திருந்தால்

கணக்கெடுப்பில் பிள்ளைகள் பிறந்த ஊர் ‘ஈஸ்ட் இண்டீஸ், மெட்ராஸ்’ என்றிருந்தால் நம் ஊருக்கே திரும்பி வர வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய திருச்சபைப் பதிவுகளும், மெட்ராஸில் பதிவான உயில்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. மெட்ராஸிலிருந்த ஆங்கிலேயக் கைம்பெண்களின் மறுமணம் வேகமாக நடந்தது. மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் 1680இல் நடந்த முதல் திருமணமே கணவரை இழந்த ஒரு பெண்ணுடையதுதான். ஹின்மர்ஸ் என்ற வணிகரின் மனைவியாக இருந்த கேத்தரின், அன்று எலிஹு யேலின் மனைவியானார். பிறகு மெட்ராஸ் கவர்னராக இருந்து, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே தன் பெயரைக் கொடுத்த அதே யேல்தான். ‘ஹின்மர்ஸ்’ என்றே தேடிக்கொண்டிருந்தால் 1680க்குப் பிறகு கேத்தரின் கிடைக்கவே மாட்டார்.

எங்கள் பாட்டியின் மிச்சக் கதை

பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்ததும் அவருடைய அண்ணன் தம்பிகளைக் கணக்கெடுப்பில் தேடினேன். ஒருவர் நாரிச்சில் மளிகைக் கடைக்காரர். மூன்று கணக்கெடுப்பிலும் மணமாகாதவர் என்றே இருந்தது. புரொபேட் அட்டவணையில் 1870களில் பெயர் இருந்தது, நகலுக்குப் பணம் கட்டினேன்.

நான்கு பக்கம். இரண்டாம் பக்கத்தில் பாட்டியை, டர்ஹாம் கணவரின் பெயரோடும் நார்ஃபோக் கணவரின் பெயரோடும் ‘என் சகோதரி’ என்று எழுதி, அவருக்கு இருபது பவுண்டும் அம்மாவின் பைபிளும் கொடுத்திருந்தார். எழுதத் தெரியாத தங்கைக்கு அந்த பைபிள். அதற்குக் கீழே இன்னொரு பெயர். 1851இல் 15 வயதாக இருந்து அதற்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் எனக்குக் கிடைக்காத மூத்த மகள். கணவரின் குடும்பப் பெயரோடு, ‘இப்போது கனடாவில் வசிக்கும் என் சகோதரியின் மகள்’ என்று இருந்தது. என் நோட்டில் ‘அக்கா மகளா, தங்கை மகளா’ என்று கேள்விக்குறி போட்டு வைத்திருந்த இடத்தில் ‘தங்கை மகள்’ என்று எழுதினேன்.

பேத்தி இப்போது 1881 கனடா கணக்கெடுப்பில் அந்தக் குடும்பப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒன்டாரியோவில் ஒரு வீடு பொருந்துகிறது போலிருக்கிறது. அந்த வீட்டு மூத்த பெண்ணுக்குப் பாட்டியின் பெயர். கல்யாணச் சான்றிதழ் வரட்டும் என்று அதை மரத்தில் பென்சிலால் மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.